தூக்கிருங்க என்று சொன்ன மேசை

முன்பு என்னோடு சாமான் தூக்கிய தினேஷ் போன் போட்டான். கம்பெனியில் புதுசாகச் சேர்ந்தவர்களுக்குக் கொடுக்க, ஆபீஸ் மாற்றும் வேலையைப் பற்றி ஏதாவது எழுதித் தரணுமாம்.

"பேசச் சொன்னா ரெண்டு வார்த்தையோட நிப்பாட்டிருவீங்க. எழுதினா மூணாவது வரும்லா அண்ணே" என்றான்.

இப்போது அவன்தான் அங்கே சூப்பர்வைசர். எல்லாத் திட்டமும் போனிலேயே போடுகிறான். அறையைச் சுற்றிப் படம் பிடித்தால் எந்தச் சாமான் எங்கே உட்காரும் என்று போனே காட்டுகிறதாம். அப்புறம் நான் எதற்கு? கேட்டேன்.

"போன் எல்லாத்தையும் காட்டுது அண்ணே. கஸ்டமர் மனசுல என்ன இருக்குன்னு மட்டும் காட்டல" என்றான்.

அது எனக்கும் தெரிந்ததில்லை. ஆனாலும் எழுதுகிறேன். ஆறாம் வகுப்போடு நின்ற தமிழ். பிழை இருந்தால் அவன் பார்த்துத் திருத்திக்கொள்ளட்டும்.

பத்து காஜா ஊர்ப் பக்கம் நாங்கள் வேலை பார்த்த தோட்டத்தை விற்றபோது லயத்து வரிசை வீடுகளின் சாமான்களை ஏற்ற ஒரு லோரி வந்தது. ஆள் போதவில்லை. நானும் கை கொடுத்தேன். எங்கள் வீட்டுச் சாமானை இறக்கிவிட்டு அதே லோரியில் ஏறி ஈப்போவுக்கு வந்துவிட்டேன். முட்டி போகும்வரை அந்தக் கம்பெனியில்தான் இருந்தேன். நடுவில் சொல்ல ஒன்றும் இல்லை. ஏற்றினோம், இறக்கினோம்.

முதலில் வீடுகள், பிறகு ஆபீஸ்கள். வீட்டைவிட ஆபீஸ் சூசா, கஷ்டம். வீட்டில் சாமான் எல்லாம் ஒரு குடும்பத்துடையது. ஆபீஸில் ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு ஆள். அந்த ஆளுக்கு மேலே இன்னொரு ஆள். யாருடையது எது, யார் சொன்னால் கேட்பது, ஒன்றும் வெளங்காது.

எங்கள் முதலாளி சீனர். தவுக்கே என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய அப்பா கோப்பெங் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டும் ஒரு கித்தா தோட்டத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். தவுக்கே லயத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் தோட்டத்துத் தமிழ்தான் பேசுவார், எங்களைவிட அழுத்தமாக. சத்தம் போட மாட்டார். தப்பு செய்தவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்து ஒரு சிகரெட் முழுவதும் பிடிப்பார். முடிந்ததும் "போ" என்பார். அது திட்டைவிட மோசம்.

புது இடத்துக்குப் போனால் முதலில் சிலிப்பரைக் கழற்றுவார். வெறுங்காலோடு சுவர் ஓரமாக ஒரு சுற்று நடப்பார். தரை எங்கே சரிகிறது, எங்கே ஈரம், எந்தக் கல் ஆடுகிறது என்று கால் சொல்லிவிடும். ஈரமான இடத்தில் பேப்பர் அலமாரி வைக்க விட மாட்டார்.

அவர் முறையைச் சொல்கிறேன். இதுதான் தினேஷுக்கு வேண்டியது.

சாமானைப் பார்க்கும் முன் படியைப் பார். ஈப்போ கடைவீடுகளில் மாடிப்படி குறுகல், நடுவில் ஒரு திருப்பம். எங்களிடம் ஒரு மூங்கில் இருக்கும். பெரிய அலமாரியின் உயரத்துக்கு அதில் ஒரு கயிறு கட்டுவோம். அந்த மூங்கிலைப் படியில் கொண்டுபோய்த் திருப்பிப் பார்ப்போம். மூங்கில் திரும்பினால் அலமாரி திரும்பும். திரும்பாவிட்டால் சன்னல் வழியாகக் கயிறு போட்டு இறக்கணும், அதற்குப் பின்சந்தில் குப்பைத் தொட்டியை நகர்த்தணும், அதற்குக் கீழ்க்கடைக்காரனிடம் முன்கூட்டியே சொல்லணும்.

போன் லைனும் இன்டர்நெட்டும் புது இடத்துக்கு வந்துவிட்டதா என்று கேள். நூற்றுக்கு ஐம்பது பேர் அதை மறந்துவிட்டு நாற்காலிக் கணக்குப் பேசுவார்கள். கம்ப்யூட்டர் வயரை அந்தந்தக் கம்ப்யூட்டரின் முதுகிலேயே பையில் போட்டு ஒட்டு. எல்லா வயரையும் ஒரே பெட்டியில் போட்டால் பாம்புப் பண்ணைதான். இரும்பு அலமாரியின் டிராயரைக் கழற்றித் தனியாகத் தூக்கு. சாமி படத்தை நீ தொடாதே. அது அந்த ஆபீஸ் முதலாளி காரில் போகும்.

அப்புறம் கலர் டேப். எங்களில் பாதிப்பேருக்கு இங்கிலீஷ் படிக்க வராது. அதனால் தவுக்கே ஒவ்வொரு மேசையிலும் ஒரு நிறம் ஒட்டுவார். அதே நிறத்தில் புது இடத்துத் தரையில் கட்டம் போடுவார். சிவப்பு மேசை சிவப்புக் கட்டத்துக்கு. டேப் இல்லாத சாமானைத் தொடக் கூடாது. டேப் உள்ளதை விட்டுவிட்டு வரக் கூடாது. கஸ்டமர் பக்கம் ஒரே ஒரு ஆள்தான் உத்தரவு சொல்லணும். அவ்வளவுதான் திட்டம்.

இவ்வளவு செய்தாலும் குழப்பம் வரும். காம்பார் ஊரில் ஒரு சீனர் ஆபீஸ். அதிர்ஷ்டம் வர, நல்ல நேரத்தில் வாசலில் அன்னாசிப் பழத்தை உருட்டிய பிறகுதான் உள்ளே விடுவார்கள். லோரியில் காத்திருந்தோம். பழம் நேராக ஓடாமல் வடிகாலில் விழுந்தது. வேறு பழம் வாங்கி வருவதற்குள் நல்ல நேரம் முடிந்துபோனது. உட்கார்ந்து பேசி இன்னொரு நல்ல நேரம் கண்டுபிடித்தார்கள். அது எப்படிக் கிடைத்தது என்று நான் கேட்கவில்லை.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது தியாகு தம்பி ஆபீஸைப் பற்றி.

அது விமான டிக்கெட், கோயில் சுற்றுலா ஏற்பாடு செய்யும் சின்ன ஆபீஸ். ஜாலான் லகாட் தெருப் பக்கம் மாடியில் இருந்தது. அப்பா ஆரம்பித்தது, அவர் இறந்தபின் தியாகு பார்த்துக்கொண்டார். நாற்பது வயது இருக்கும். நல்ல மனுஷன். யாரிடமும் முகத்துக்கு நேரே ஒன்றும் சொல்ல மாட்டார். அப்போது பெர்ச்சாம் பகுதியில் கீழ்த்தளத்தில் கண்ணாடி வைத்த புதுக் கடைக்கு மாறவிருந்தார்.

நானும் தவுக்கேயும் பார்க்கப் போனோம். மேசை ஐந்து. தியாகு காதில் போனை வைத்துக்கொண்டே எங்களோடு நடந்தார். தவுக்கே ஒவ்வொரு மேசையாகத் தட்டிக் காட்டினார். தியாகு தலையாட்டினார். தவுக்கே டேப் ஒட்டினார். சிவப்பு, நீலம், மஞ்சள், வெள்ளை.

கடைசி மேசை சன்னல் ஓரத்தில். பழைய மரம், கனமான பலகை. தவுக்கே தட்டினார். தியாகு போனில் இருந்தவரைக் கொஞ்சம் இருக்கச் சொன்னார். எங்களைப் பார்க்கவில்லை, மேசையையும் பார்க்கவில்லை. சுவரில் இருந்த ஏர்கோனைப் பார்த்துக்கொண்டு, "அதத் தூக்கிருங்க தவுக்கே" என்றார். மறுபடியும் போனில் பேச ஆரம்பித்துவிட்டார்.

தவுக்கே பச்சை டேப் ஒட்டினார்.

அந்த நேரம் எங்களுக்குக் கோப்பி எடுத்துக்கொண்டு பரிமளம் அக்கா வந்தார். அந்த ஆபீஸ் கிராணி, அதாவது கிளார்க். தியாகுவின் அப்பா காலத்திலிருந்து இருப்பவர். என்னைவிட வயதில் சின்னவர்தான், ஆனால் எல்லாருக்கும் அக்கா, எனக்கும். அந்த மேசை அவருடையது.

"எதத் தூக்கறீங்க தம்பி?" என்று தியாகுவைக் கேட்டார். தியாகு போனோடு படியில் இறங்கிவிட்டார்.

அக்கா என்னிடம் திரும்பினார். "அண்ணே, தூக்கிருங்கன்னா எப்படி?"

"எப்படின்னா?"

"தூக்கிட்டுப் போறதா, தூக்கிப் போடறதா?"

"தூக்கிருங்கன்னா தூக்கறதுதான்லா அக்கா. மூலைக்கு ஒரு ஆள் பிடிப்போம்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். எதற்குச் சிரித்தோம் என்று தெரியவில்லை. கோப்பியில் சீனி போட மறந்திருந்தார். குடித்துவிட்டோம்.

பிறகு பெர்ச்சாம் போய்த் தரையில் கட்டம் போட்டோம். யாரோ வரைந்து சுவரில் ஒட்டியிருந்த படத்தில் மேசை நாலுதான். வாசல் கண்ணாடி ஓரத்தில் கஸ்டமர் உட்கார ஒரு சோபா. பச்சைக்கு இடம் இல்லை. தவுக்கே வெறுங்காலோடு இரண்டு முறை சுற்றினார். தியாகுவுக்குப் போன் போட்டார். பேசிவிட்டு டேப்பைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"அதான் சொல்லிட்டேனேங்கிறான்."

"என்ன சொல்லிட்டாரு?"

"தூக்கச் சொன்னான்லா. நீயும்தானே கேட்ட?"

மாற்றும் நாள் தவுக்கே வரவில்லை. கண்ணில் ஆபரேஷன், கட்டுப் போட்டுப் படுத்திருந்தார். நான்தான் பொறுப்பு. தினேஷும் இன்னும் இரண்டு ஆளும். காலையிலேயே நாலு மேசை இறங்கிவிட்டது. ஆபீஸின் மற்ற மூன்று பேரும் பெட்டி கட்டிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். மாடியில் பச்சை டேப் ஒட்டிய மேசையும் பரிமளம் அக்காவும் மட்டும்.

அக்கா போனில் பேசிக்கொண்டிருந்தார். கோப்பெங்கில் யாரோ வயசானவர், திருச்சிக்கு டிக்கெட் எடுக்க வருகிறவர் போல. "பெர்ச்சாம்லங்க. பஸ்ஸை விட்டு இறங்கினா எதிர்க்கவே. ஆமா, நான் அங்கதான் இருப்பேன், வாங்க" என்றார். வைத்துவிட்டுப் பச்சை டேப்பைப் பார்த்தார். நகத்தால் அதன் ஓரத்தைச் சுரண்டினார். பிறகு மறுபடியும் அழுத்தி ஒட்டினார்.

அவர் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். வீடு அக்கா சம்பளத்தில்தான் ஓடுகிறது. இது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தினேஷ் படியில் வைத்துச் சொன்னான். அவனுக்கு எல்லா ஊர்க்கதையும் தெரியும்.

"அண்ணே, உங்களுக்கு வெளங்கலையா? தூக்கிருங்கன்னா வேணாம்னு அர்த்தம். மேசைய மட்டும் இல்ல. எங்க மாமாவ மில்லுல தூக்கிட்டாங்க. மூலைக்கு ஒரு ஆள் பிடிச்சா தூக்கினாங்க?"

"அப்ப ஏன் டேப் ஒட்டியிருக்கு?"

"ஒட்டினது தவுக்கேலா. அவருக்குத் தூக்கறதுன்னா தூக்கறது மட்டும்தான் தெரியும்."

எனக்கும் அதுவரை அப்படித்தான் இருந்தது. இவ்வளவு காலம் அந்த ஒரு வார்த்தையில்தான் சாப்பிட்டேன். அதற்குள் இத்தனை இருக்கும் என்று யோசித்ததே இல்லை.

தியாகுவுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. இன்னொரு தரம் போட்டேன். கொஞ்சம் கழித்து வாட்ஸ்அப்பில் குரல் வந்தது. "அண்ணே, தவுக்கேகிட்ட சொன்ன மாதிரியே செஞ்சிருங்க."

தவுக்கேவுக்குப் போட்டேன். "அவன் தூக்கச் சொன்னான். நீ தூக்கு. இதுல என்னடா கேள்வி? எனக்குக் கண்ணு எரியுது" என்றார்.

எல்லாரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். ஒருத்தரும் வேறு வார்த்தை சொல்லவில்லை. நான் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"என்ன அண்ணே, வழி தெரியலையா?" என்றார் அக்கா. அவர் பையைத் தோளில் மாட்டியிருந்தார். "நான் பால் வாங்கணும். புது இடத்துல காய்ச்சணும்ல. முன்ன போயிரவா, இருக்கவா?"

"போங்க அக்கா" என்றேன்.

அதன்பின் பிடித்தோம். படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. மூங்கில் திரும்பியிருந்தது, மேசை திரும்பவில்லை. மேசைக் கால் படிக் கைப்பிடியில் இடித்தது. தினேஷ் கீழே இருந்து, "விட்டுட்டுப் போயிரலாம்லா அண்ணே. படியே வேணாங்குது" என்றான். அப்போது விட்டிருக்கலாம். காரணமும் கிடைத்திருக்கும். நான் மேசையைச் செங்குத்தாக நிறுத்தச் சொன்னேன். பலகையைத் தோளில் சாய்த்து, கால்களைக் கைப்பிடிக்கு வெளியே விட்டு, ஒவ்வொரு படியாக இறக்கினோம். என் முட்டி அன்றைக்குத்தான் முதலில் சத்தம் போட்டது.

பெர்ச்சாமில் இறக்கினோம். நாலு கட்டத்திலும் நாலு மேசை. பச்சை மேசையை வைக்க இடம் எங்கே? பின்னால் வைத்தால் கழிவறைக் கதவு திறக்காது. நடுவில் வைத்தால் யாரும் நடக்க முடியாது. சோபா வரவேண்டிய இடம் மட்டும்தான் காலி, வாசல் கண்ணாடி ஓரம். அங்கே வைத்தோம். சோபாவைப் பின்சுவரில் தள்ளினோம். நாற்காலியையும் போட்டேன். மேசை இருந்தால் நாற்காலி இருக்கணும்.

தியாகு வந்தார். சாமி படத்தைக் கையில் வைத்திருந்தார். மேசையைப் பார்த்ததும் படத்தோடு அப்படியே நின்றார்.

"என்ன அண்ணே இது?"

"மேசை."

"தூக்கிருங்கன்னு சொன்னேனே?"

"தூக்கிட்டோமே தம்பி."

தினேஷ் சோபா பக்கம் திரும்பிக் குனிந்துகொண்டான். சிரிப்பை அடக்குகிறான் என்று தெரிந்தது.

"அது இல்ல அண்ணே. அது வந்து..." என்றார் தியாகு. 

"நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க" என்றேன். "தூக்கச் சொன்னது மேசையையா, ஆளையா?"

அவர் ஏர்கோனைத் தேடினார். புதுக் கடையில் இன்னும் ஏர்கோன் மாட்டவில்லை. பார்க்க ஒன்றும் கிடைக்காமல் சாமி படத்தைப் பார்த்தார்.

"இப்பெல்லாம் எல்லாரும் போன்லயே டிக்கெட் எடுத்துர்றாங்க அண்ணே. அஞ்சு பேருக்கு வேலை இல்ல. எங்க அப்பா வச்ச ஆளு. நான் எப்படிச் சொல்றது?"

"சொல்லலையா?"

"இல்ல."

"அப்ப அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார். இடம் இல்லாததைப் பார்த்து அக்காவே தெரிந்துகொள்வார் என்று நினைத்திருப்பார் போல. நான் கேட்கவில்லை.

"லோரி இன்னும் வாசல்லதான் நிக்குது தம்பி. வேணாம்னா ஏத்திக்கறோம். ஆனா எது வேணாம்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் சொல்வதற்குள் அக்கா வந்துவிட்டார். ஒரு கையில் பால், ஒரு கையில் புதுச் சட்டி. வாசலிலேயே மேசையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அப்புறம் எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார். பாலைக் கீழே வைத்தார்.

"தூக்கிட்டுப் போறது இல்லபோல" என்றார் மெதுவாக. "தூக்கிப் போடறதுதானா தம்பி?"

"அக்கா, அப்படி இல்லக்கா..."

"எப்படி இல்ல?"

தியாகு என்னைப் பார்த்தார். நான் லோரியைப் பார்த்தேன்.

அக்கா புடவை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினார். மேசையின் ஒரு பக்கம் போய்ப் பலகையைப் பிடித்தார். "சரி, வாங்க. அந்தப் பக்கம் நீங்க பிடிங்க. இவங்க எதுக்கு, வெளி ஆளுங்க? உங்கப்பா வச்ச மேசை, நீங்களும் நானுமே தூக்குவோம். படத்தை வச்சிட்டு வாங்க தம்பி."

"அக்கா, விடுங்க."

"பிடிங்கன்னேன்ல."

தியாகு படத்தைச் சோபாவில் சாய்த்து வைத்தார். வந்து பிடித்தார். அக்கா தூக்கினார், அவர் பக்கம் உண்மையாகவே எழும்பியது. தியாகு பக்கம் எழும்பவில்லை. அவர் தூக்கினாரா, பிடித்துக்கொண்டு மட்டும் நின்றாரா என்று நான் பார்த்தும் சொல்ல முடியவில்லை. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. அவர் பக்கம் மேசை அசையவில்லை.

"கனமா இருக்குக்கா" என்றார்.

"இருக்கும்ல."

அக்கா தன் பக்கத்தைக் கீழே வைத்தார். மூச்சு வாங்கியது. தியாகு கையை எடுக்கவில்லை. பலகையைப் பிடித்தபடியே, "மூணு மாசம் பாப்போம்க்கா. வாசல்லயே இருங்க. உள்ள வர்றவங்களைப் பாத்துக்குங்க. ஆள் வந்தா சரி, வராட்டி நானே உங்ககிட்ட வந்து சொல்றேன்" என்றார்.

"நீங்களே சொல்லணும். மேசை சொல்லக் கூடாது."

"நானே சொல்றேன்."

"அப்ப அடுப்பப் பத்த வைங்க" என்றார் அக்கா. மேசையில் ஒட்டியிருந்த பச்சை டேப்பை உரித்துச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

பால் பொங்கியதும் எங்களுக்குத்தான் முதலில் கொடுத்தார்.

மூன்று மாதம் முடிந்தும் தியாகு வந்து ஒன்றும் சொல்லவில்லை என்று பிற்பாடு தினேஷ் சொன்னான். அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறார். ஆள் வந்ததாலா, தியாகுவுக்குச் சொல்ல வராததாலா என்று யாருக்கும் தெரியாது. அக்காவுக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

எனக்கு வெளங்காதது வேறு. அன்றைக்கு லோரியில் ஏறும்போது தியாகு பின்னாலேயே வந்தார். கதவைப் பிடித்துக்கொண்டார். கோபமா, நன்றியா, முகத்தில் ஒன்றும் படிக்க முடியவில்லை.

"அண்ணே, நெசமாச் சொல்லுங்க. நான் சொன்னது உங்களுக்குப் புரியாமத்தான் கொண்டாந்தீங்களா, புரிஞ்சேதான் கொண்டாந்தீங்களா?"

யோசித்தேன். படித் திருப்பத்தில் நின்றதை நினைத்துப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை. இன்றைக்கு எழுதும்போதும் பிடிபடவில்லை.

"தெரியலலா தம்பி" என்றேன். "கனமா இருந்துச்சு. தூக்கினோம்."

அவர் கதவை விட்டார்.